மரபணு மாற்ற மரக்கன்று உருவாக்கம்: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழிமுறை

இலைத்துண்டை அக்ரோபாக்டீரியம் (செடிக்குள் மரபணுவைக் கொண்டுபோகும் மண் பாக்டீரியா) கரைசலில் முக்கியெடுத்த நாளிலிருந்து, வேர் பிடித்த பாப்லர் கன்று தொட்டிக்குப் போகும் நாள் வரை, எல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஏறக்குறைய ஆறு மாதம் ஓடிவிடும். யூகலிப்டஸ் இன்னும் இழுக்கும். பைன் ஓராண்டைத் தாண்டும். முதல் வாரத்தில் செய்த தவறு ஐந்தாம் மாதத்தில்தான் முகம் காட்டும். அப்போது பதறிப்போய் ஹார்மோன், மருந்து, பாக்டீரியா வகை, வெளிச்சம் என்று நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறோம். அடுத்த ஆறு மாதத்தில் ஏதாவது சரியானால், எது சரிசெய்தது என்று தெரியாது. சரியாகாவிட்டாலும் எதுவும் தெரியாது.

ஆகவே மருந்தைத் தொடுவதற்கு முன் எந்தக் கட்டத்தில் பிழை நுழைந்தது என்பதைக் கண்டுபிடியுங்கள். கீழே உள்ளவை பெரும்பாலும் பாப்லரை வைத்து எழுதியவை. 1987-இல் முதன்முதலாக மரபணு மாற்றம் செய்யப்பட்ட வனமரம் அதுதான். இன்றும் இந்தத் துறையின் சோதனை மரம் அதுவே. அளவுகள் மரத்துக்கு மரம் மாறினாலும், பிழையைத் தேடும் முறை மாறுவதில்லை.

எதற்கும் முன் நான்கு தட்டுகள்

ஒவ்வொரு சோதனையோடும் நான்கு கட்டுப்பாட்டுத் தட்டுகள் போக வேண்டும். முதல் தட்டில் பாக்டீரியா படாத துண்டுகள், வெறும் ஹார்மோன் ஊடகம் (திசு வளரும் கூழ்). இரண்டாவதில் பாக்டீரியா படாத துண்டுகளோடு, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து மட்டும். மூன்றாவதில் அவற்றோடு தேர்வு மருந்தும், அதாவது மரபணு ஏறாத செல்லைக் கொல்லும் கனாமைசினோ ஹைக்ரோமைசினோ. நான்காவதில் பாக்டீரியா பட்ட துண்டுகள், தேர்வு மருந்து இல்லாமல்.

முதல் தட்டிலேயே தளிர் வரவில்லை என்றால் உங்கள் சிக்கல் மரபணு மாற்றத்தில் இல்லை, திசு வளர்ப்பில் இருக்கிறது. முதலாவது நன்றாக இருந்து இரண்டாவது வாடினால், பாக்டீரியாவுக்கு வைத்த மருந்து செடியையே தாக்குகிறது. மூன்றாவதில் பச்சைத் தளிர் வந்தால் தேர்வு மருந்தின் அளவு போதவில்லை. மூன்றும் சரியாக இருந்து நான்காவது மட்டும் இறந்தால் பாக்டீரியாவும் துண்டும் ஒத்துப்போகவில்லை. தட்டு வீணாகிறது என்று இந்த நான்கையும் விட்டுவிடும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். பிறகு அவர்கள் ஒரு பருவத்தையே விடுகிறார்கள்.

துண்டுகளைச் சுற்றிப் பால் போன்ற படலம்

முதலில் அது அக்ரோபாக்டீரியம்தானா என்று பாருங்கள். பாக்டீரியா படாத தட்டுகளிலும் அதே படலம் இருந்தால், அது தாய்ச்செடியின் திசுவுக்குள் குடியிருக்கும் வேறொரு நுண்ணுயிர். ஐயமிருந்தால் கம்பி வளையத்தால் கொஞ்சம் எடுத்து ரிஃபாம்பிசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த தட்டில் தீற்றுங்கள். ஈஎச்ஏ105, ஜிவி3101 போன்ற வழக்கமான அக்ரோபாக்டீரிய வகைகள் அதில் வளரும். வெளியிலிருந்து வந்தவற்றில் பெரும்பாலானவை வளராது.

அக்ரோபாக்டீரியமே என்றால், பெரும்பாலும் கரைசல் அடர்த்தி மிகுந்திருக்கும். 600 நானோமீட்டரில் ஒளி அடர்த்தி 0.3 முதல் 0.6 வரை போதும். முக்கி எடுத்த துண்டுகளை நுண்ணுயிர் நீக்கிய வடிதாளில் ஒற்றி எடுங்கள். அவசரத்தில் விட்டுப்போவது இந்த ஒற்றல்தான். துண்டின் அடியில் தங்கும் ஒரு சொட்டு ஈரம் மூன்றாம் நாளில் குளமாகிவிடும். கூட்டுவளர்ப்பு, அதாவது துண்டும் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கும் காலம், இரண்டு நாள் போதும், மூன்றைத் தாண்ட வேண்டாம்.

பாக்டீரியாவைக் கொல்லும் செஃபோடாக்சிம் வெப்பத்திலும் வெளிச்சத்திலும் வலுவிழக்கும். ஊடகம் ஊற்றி ஒரு மாதம் ஆன தட்டில் அதை நம்பக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுத் தட்டுக்கு மாற்றுங்கள். அதற்குப் பதிலாகக் கார்பெனிசிலின் பயன்படுத்துவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது சிதையும்போது ஆக்ஸின் என்ற ஹார்மோன் போல வேலை செய்யும் பொருள் உண்டாகும். காலஸ் (வடிவமற்ற செல்திரள்) பருக்கும், தளிர் குறையும். இந்தத் தொல்லைக்காகவே பலர் டிமென்டின் என்ற மருந்துக்கு மாறிவிட்டார்கள்.

துண்டுகள் பழுப்பாகி இறக்கின்றன

நிறத்தையும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். கனாமைசினால் சாகும் இலைத்துண்டு மெல்ல வெளிறி, மஞ்சளாகி, கடைசியில் காகிதம் போல வெளுக்கும். இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும். இரண்டு நாளில் வெட்டுவிளிம்பிலிருந்து தேநீர்க் கறை போலப் பழுப்பு பரவினால் அது வேறு கதை. காயத்துக்கோ பாக்டீரியாவுக்கோ எதிராகச் செடி பீனால் பொருள்களைக் கொட்டுகிறது என்று பொருள்.

பழுப்பு எல்லாத் தட்டிலும் இருந்தால் கத்தியைப் பாருங்கள். மழுங்கிய பிளேடு திசுவை அறுக்காது, நசுக்கும். தீயில் காட்டிய இடுக்கி ஆறுவதற்குள் இலையைத் தொட்டிருந்தால் அந்த இடம் வெந்துபோயிருக்கும். பாக்டீரியா பட்டவை மட்டும் பழுப்பானால் கரைசலை நீர்க்கச் செய்யுங்கள், கூட்டுவளர்ப்பை இருளில் வையுங்கள், ஊடகத்தில் பீனாலை அடக்கும் அஸ்கார்பிக் அமிலமோ பிவிபியோ சேர்த்துக்கொள்ளுங்கள். தாய்ச்செடியின் வயதையும் பாருங்கள். நான்கு முதல் ஆறு வார வயதுள்ள, நன்கு வெளிச்சம் கண்ட குப்பிச் செடியின் மேல் இலைகள் எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கின்றன. மூன்று மாதம் ஒரே குப்பியில் கிடந்த செடியின் இலை ஒருபோதும் உதவியதில்லை.

மரபணு உள்ளே போகவே இல்லை

சாயமேற்றினால் நீலம் காட்டும் ஜியுஎஸ் அடையாள மரபணு உங்கள் கட்டமைப்பில் (செலுத்தும் மரபணுத் தொகுப்பில்) இருந்தால், கூட்டுவளர்ப்பு முடிந்த இரண்டொரு நாளில் ஐந்தாறு துண்டுகளைப் பலி கொடுத்துச் சாயமேற்றுங்கள். நீலப்புள்ளிகள் இருந்தால் டி-டிஎன்ஏ (பாக்டீரியா செடிக்குள் செலுத்தும் டிஎன்ஏ துண்டு) செல்லுக்குள் போயிருக்கிறது. இனிமேல் வரும் சிக்கல் தேர்விலோ தளிரிலோதான். புள்ளியே இல்லை என்றால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், அன்றே நிறுத்தலாம். ஒன்று முக்கியம்: ஜியுஎஸ் மரபணுவுக்குள் இன்ட்ரான் (பாக்டீரியாவால் வெட்டி நீக்க முடியாத இடைத்துண்டு) இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவே நீலம் காட்டி ஏமாற்றும்.

இந்த இடத்தில் ஒரு முழுக் கோடையை இழந்தவன் நான். மூன்று சோதனை, முந்நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள், ஒரு நீலப்புள்ளி கூட இல்லை. பிளாஸ்மிட் (கட்டமைப்பைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏ), மருந்து, இலை எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, கடைசியில் இன்குபேட்டருக்குள் ஒரு வெப்பமானியை வைத்தேன். வெளியே இருந்த எண் 24 காட்டியது. உள்ளே தட்டுகள் இருந்த மேல் அடுக்கில் 29. மின்விளக்குக்கு நேர் கீழே வைத்திருந்தோம்.

அக்ரோபாக்டீரியம் 28 டிகிரி செல்சியஸில் நன்றாகவே பெருகும். ஆனால் டி-டிஎன்ஏவைச் செல்லுக்குள் செலுத்தும் புரத அமைப்பு அந்த வெப்பத்துக்கு மேல் சரியாக உருவாவதில்லை. ஆகவே தட்டில் பாக்டீரியா செழிப்பாகத் தெரியும், வேலை மட்டும் நடக்காது. கூட்டுவளர்ப்பை 22 முதல் 25 டிகிரிக்குள் வையுங்கள். தட்டு இருக்கும் அதே அடுக்கில் வெப்பமானியை வையுங்கள்.

வெப்பம் சரி என்றால் பாக்டீரியாவைத் தூண்டும் அசிட்டோசிரிங்கோனைப் பாருங்கள். 100 முதல் 200 மைக்ரோமோலார் வரை, சற்றே அமிலமான ஊடகத்தில், பிஎச் 5.2 முதல் 5.6 வரை இருக்கட்டும். அதுவும் சரி என்றால் பாக்டீரியாவிலிருந்து பிளாஸ்மிட்டைத் திரும்ப எடுத்து, ஈ. கோலைக்கு மாற்றி, நொதியால் வெட்டிப் பாருங்கள். குளிர்பெட்டியில் மாதக்கணக்கில் கிடந்த தட்டிலிருந்து அள்ளாமல், மைனஸ் 80 டிகிரி சேமிப்பிலிருந்து புதிதாகத் தீற்றுங்கள்.

காலஸ் இருக்கிறது, தளிர் இல்லை

மரபணு போய்ச் சேர்ந்த செல் எல்லாம் தளிராக மாறும் திறன் கொண்டதல்ல. மரங்களில் பெரிய சுவர் இதுதான். எந்தக் குளோன் (ஒரே மரத்திலிருந்து பெருக்கிய வகை) என்பதே பாதி விடை. பிரான்சில் தெரிவு செய்யப்பட்ட 717-1பி4 என்ற கலப்பின பாப்லர் உலகெங்கும் பரவியதற்குக் காரணம் அது எளிதில் தளிர் விடுவதுதான். 2006-இல் மரபணுத்தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்ட முதல் மரம் நிஸ்குவாலி-1 என்ற கருப்பு காட்டன்வுட். ஆனால் மரபணு மாற்றத்துக்கு அது 717 அளவுக்கு இசைந்து கொடுப்பதில்லை.

717-க்குப் பலர் பின்பற்றும் வழி: இருளில் 10 மைக்ரோமோலார் என்ஏஏ (ஆக்ஸின்), 5 மைக்ரோமோலார் 2ஐபி (சைட்டோகைனின் என்ற தளிர் ஹார்மோன்) கொண்ட காலஸ் ஊடகம், பிறகு வெளிச்சத்தில் 0.2 மைக்ரோமோலார் டிடிஇசட் (வலுவான சைட்டோகைனின்) கொண்ட தளிர் ஊடகம். காலஸ் வெள்ளையாக, பொலபொலவென்று பருத்துக்கொண்டே போனால் ஆக்ஸின் ஊடகத்தில் அதிக நாள் விட்டுவிட்டீர்கள். கெட்டியான, பச்சைப் புள்ளி தெறித்த காலஸிலிருந்துதான் தளிர் வரும், பொலபொலப்பானதை எறிந்துவிடுங்கள். எந்த ஹார்மோனுக்கும் மசியாத குளோன்களில் வூஷெல், பேபி பூம், ஜிஆர்எஃப்-ஜிஐஎஃப் போன்ற வளர்ச்சித் தூண்டு மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அவை தொடர்ந்து இயங்கினால் கன்று கோணலாகும். வேலை முடிந்ததும் அவற்றை அணைக்கும் ஏற்பாடு கட்டமைப்பிலேயே இருக்க வேண்டும்.

ஊடகம் முழுக்கப் பச்சைத் தளிர், எதிலும் மரபணு இல்லை

இது மகிழ்ச்சி தரும் அறிகுறி போலத் தோன்றும். ஐம்பது தளிர் வந்த தட்டை விட ஐந்து தளிர் வந்த தட்டையே நான் நம்புவேன்.

மரபணு ஏற்ற செல்கள் சுற்றியிருக்கும் மருந்தை முறித்துவிடுகின்றன. அந்த நிழலில் மரபணு ஏற்காத செல்களும் பிழைத்துத் தளிர் விடுகின்றன. துண்டு வளைந்து ஊடகத்தை விட்டு மேலே தூக்கிக்கொண்டாலும் இதே கதை: மருந்து எட்டாத முனையில் தளிர் முளைக்கும். துண்டுகளை இடுக்கியால் அழுத்தி ஊடகத்தோடு படிய வையுங்கள். மருந்தின் அளவை ஏட்டிலிருந்து எடுக்காமல் உங்கள் குளோனிலேயே சோதித்து, எல்லாத் துண்டும் சாகும் மிகக் குறைந்த அளவைத் தேர்ந்தெடுங்கள். பாப்லரில் கனாமைசின் லிட்டருக்கு 25 முதல் 100 மில்லிகிராமுக்குள் எங்கோ இருக்கும்.

உண்மையான சல்லடை வேர் ஊடகம்தான். மருந்து கலந்த ஊடகத்தில், ஆதரிக்கத் துணைத்திசு ஏதுமில்லாமல், தனித் தளிர் வேர் விட வேண்டும். மரபணு இல்லாத தளிர் அங்கே பச்சையாக நிற்கலாம், வேர் விடாது. பாதி மாறிய கலவைத் தளிர்களும் இங்கே சிக்கும். இலை பாசிட்டிவ், தண்டு நெகட்டிவ் என்று வந்தால் தண்டின் கணுத்துண்டுகளை மருந்து ஊடகத்தில் திரும்பத் தளிர்க்க வைத்துப் பிரித்தெடுங்கள்.

கண்ணாடி போன்ற தளிர். வேர் விடாத தளிர்

இலை தடித்து, ஒளி ஊடுருவி, தொட்டால் ஒடிந்தால் குப்பிக்குள் ஈரம் மிகுந்திருக்கிறது அல்லது சைட்டோகைனின் மிகுந்திருக்கிறது. காற்றோட்டமுள்ள மூடி போடுங்கள், அகாரைக் கொஞ்சம் கூட்டுங்கள், டிடிஇசட்டைக் குறையுங்கள் அல்லது நிறுத்துங்கள்.

வேர் வராததற்கும் பெரும்பாலும் டிடிஇசட்தான் காரணம். அது திசுவில் நெடுநாள் தங்கும். ஹார்மோன் மிகக் குறைந்த நீட்சி ஊடகத்தில் ஒன்றிரண்டு சுற்று விட்டு, தளிர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆன பிறகு, காலஸ் ஒட்டாத சுத்தமான வெட்டோடு 0.5 மைக்ரோமோலார் ஐபிஏ (வேர் தூண்டும் ஆக்ஸின்) ஊடகத்தில் நடுங்கள். அடியில் காலஸ் ஒட்டியிருந்தால் வேர் அந்தக் காலஸிலிருந்து வரும், தண்டோடு இணையாது. மண்ணுக்குப் போனதும் கன்று சாயும்.

பிசிஆர் பொய் சொல்கிறது

டிஎன்ஏவின் குறிப்பிட்ட பகுதியைப் பெருக்கிக் காட்டும் பிசிஆரில் எல்லாமே பாசிட்டிவ் என்றால் திசுவில் மிச்சமிருக்கும் அக்ரோபாக்டீரியத்தை அளந்துகொண்டிருக்கிறீர்கள். டி-டிஎன்ஏவுக்கு வெளியே, பாக்டீரியாவில் மட்டும் இருக்கும் விர்ஜி போன்ற மரபணுவுக்கு ஒரு ப்ரைமர் (பெருக்கத்தைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ) இணையை அதே மாதிரியில் ஓட்டுங்கள். உங்கள் மரபணு வந்து விர்ஜி வராவிட்டால் நல்லது. இரண்டும் வந்தால் தீர்ப்பைத் தள்ளிவையுங்கள். கன்று தொட்டியில் சில வாரம் வளர்ந்த பின் புதிய இலையிலிருந்து மீண்டும் எடுங்கள்.

எல்லாமே நெகட்டிவ், மரத்தின் சொந்த மரபணுவுக்கான ப்ரைமரும் நெகட்டிவ் என்றால் டிஎன்ஏ அழுக்காக இருக்கிறது. மர இலையில் பீனாலும் சர்க்கரைக் கூழும் ஏராளம். டிஎன்ஏ உருண்டை வெள்ளையாக இல்லாமல் பழுப்பாக, கோந்து போல ஒட்டினால் கண்ணுக்கே தெரியும். சிடேப் (டிஎன்ஏ பிரிக்க உதவும் சோப்புப்பொருள்) முறையில் பிவிபியும் மெர்காப்டோஎத்தனாலும் சேர்த்து மறுபடி பிரித்தெடுங்கள். அவசரத்துக்குப் பத்து மடங்கு நீர்த்து ஓட்டிப் பாருங்கள், பல சமயம் டிஎன்ஏ பட்டை தெரிந்துவிடும்.

கிரிஸ்பர் வெட்டவில்லை

கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவிக்கு வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டுவது வழிகாட்டி ஆர்என்ஏ. அதை எந்த மரத்தின் வரிசையைப் பார்த்து வடிவமைத்தீர்கள்? நிஸ்குவாலியின் தொகுதியைப் பார்த்து எழுதி, 717-இல் செலுத்தினீர்களா? மரங்கள் அயல்மகரந்தத்தில் பிறப்பவை. இரண்டு குரோமோசோம் பிரதிகளுக்கிடையேயும் எழுத்து வேறுபாடு மலிந்திருக்கும். 2015-இல் பாப்லரில் லிக்னின் (மரக்கட்டைக்கு உறுதி தரும் பொருள்) உருவாகும் பாதையின் 4சிஎல் மரபணுக்களைத் திருத்தியபோது இதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. 4சிஎல்1-க்கு வைத்த வழிகாட்டி இரு பிரதிகளையும் வெட்டியது. மரக்கட்டை செம்பழுப்பாக மாறியது. 4சிஎல்5-க்கு வைத்த வழிகாட்டி வெட்டவே இல்லை, ஏனென்றால் அந்தக் குளோனில் இலக்கு இடத்தில் எழுத்து வேறுபாடுகள் இருந்தன. ஆகவே வடிவமைக்கும் முன் உங்கள் குளோனின் இலக்குப் பகுதியைப் பெருக்கி, இரு பிரதிகளையும் வாசியுங்கள். ஒரு வாரத்தில் முடியும் வேலை இது.

இரு பிரதியும் ஒரே மாதிரி திருத்தப்பட்டதாகத் தெரிந்தாலும் சற்று நில்லுங்கள். ஒரு பிரதியில் பெரிய துண்டு விழுந்துபோயிருந்தால் ப்ரைமர் அமரும் இடமே இருக்காது. மற்றொரு பிரதி மட்டும் பெருகி ஏமாற்றும். ப்ரைமர்களை வெகுதூரம் தள்ளிவைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள்.

தொட்டிக்குப் போனதும் வாடுகிறது

குப்பியில் வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சு மெல்லியது, இலைத்துளைகளுக்கு மூடத் தெரியாது. வேரில் ஒட்டிய அகாரை வெதுவெதுப்பான நீரில் முழுக்கக் கழுவுங்கள். மிச்சமிருந்தால் பூஞ்சை அங்கேதான் தொடங்கும். ஒளி புகும் பையால் மூடி, சில நாளுக்கு ஒரு துளை என்று திறந்துகொண்டே போங்கள்.

ஒரே மரபணு, பத்து விதமான கன்றுகள்

டி-டிஎன்ஏ எங்கே விழுகிறது என்பது நம் கையில் இல்லை. பல பிரதிகள் ஒரே இடத்தில் தலைகீழாக விழுந்தால் மரபணு அடங்கிப்போகும். பத்துக்குக் குறையாத தனி லைன்கள் (ஒவ்வொன்றும் தனியொரு மரபணு மாற்றத்தில் பிறந்த வழி), லைனுக்கு நான்கைந்து ஒரே வயதுக் கன்றுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரதி எண்ணிக்கையைச் சதர்ன் முறையிலோ டிஜிட்டல் பிசிஆரிலோ பாருங்கள். ஒற்றைப் பிரதி லைன்களுக்கு முதலிடம் கொடுங்கள்.

கட்டுப்பாட்டுக் கன்று எது என்பதையும் கேளுங்கள். காலஸ், தளிர், வேர் என்று அதே பாதையில் வந்த, வெற்றுக் கட்டமைப்பு ஏற்ற கன்றோடுதான் ஒப்பிட வேண்டும். திசு வளர்ப்பே சில கன்றுகளைக் குட்டையாக்கிவிடும். அதை உங்கள் மரபணுவின் விளைவு என்று எழுதிவிடாதீர்கள். விளைவு எதுவுமே தெரியாவிட்டால் இரட்டை மரபணுவைத் தேடுங்கள். பாப்லரின் மூதாதையில் மரபணுத்தொகுதி முழுவதும் ஒருமுறை இரட்டித்திருக்கிறது. ஒன்று போனால் உடன்பிறப்பு வேலையை எடுத்துக்கொள்ளும்.

வெளித்திடலுக்குப் போவதென்றால் உங்கள் நாட்டின் உயிரியல் பாதுகாப்பு அனுமதி முதலில் வரட்டும். பூமொட்டு விரியும் முன் அகற்றுவதும், மரத்தை வெட்டிய பின் வேரிலிருந்து கிளம்பும் கன்றுகளைப் பல பருவம் தேடிப் பிடுங்குவதும் சோதனையின் பகுதிதான். ஆஸ்பென் வகைகள் வேரிலிருந்து வெகுதூரம் கிளம்பும்.

பைன், ஸ்ப்ரூஸ் செய்பவர்களுக்கு

கருத்திசு (விதைக்கரு போன்ற கருக்களை உண்டாக்கும் திசு) நன்றாகப் பெருகி, ஆனால் கருவை முதிரவைக்கும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கொடுத்தும் கரு முதிரவில்லை என்றால் அந்தத் திசு கிழடாகிவிட்டது. மாற்றி மாற்றி வளர்க்க வளர்க்க அதன் திறன் தேயும். தொடக்கத்திலேயே ஒரு பகுதியைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, ஒவ்வொரு சோதனைக்கும் அதிலிருந்தே புதிதாகத் தொடங்குங்கள்.

கன்று நன்றாக இருக்கிறது, ஆனால் இது எந்தக் கன்று?

அமெரிக்கச் செஸ்ட்நட் மரத்தை அழித்த கருகல் நோயைத் தாங்க, கோதுமையின் ஆக்சலேட் ஆக்சிடேஸ் மரபணுவைச் செலுத்தி டார்லிங் என்ற பெயரில் லைன்கள் உருவாக்கப்பட்டன. டார்லிங் 58 என்று எண்ணிப் பல ஆண்டுகள் வளர்த்து, மகரந்தம் எடுத்து, கலப்பு செய்து, அரசு அனுமதிக்கும் விண்ணப்பித்த மரங்கள் உண்மையில் டார்லிங் 54 என்பது 2023 டிசம்பரில் வெளியே வந்தது. 54-இல் புதிய மரபணு மரத்தின் சொந்த மரபணு ஒன்றுக்குள்ளேயே விழுந்திருந்தது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் எங்கள் குப்பிகள் அத்தனையையும் சோதித்தோம்; இரண்டு தட்டில் பெயர்ச்சீட்டு மாறியிருந்தது.

டி-டிஎன்ஏ இருக்கிறதா என்ற பிசிஆர் இந்தப் பிழையைக் காட்டாது, ஏனென்றால் எல்லா லைனிலும் அது இருக்கிறது. ஒவ்வொரு லைனுக்கும் அது விழுந்த இடத்தின் எல்லையைக் கண்டறிந்து, மரத்தின் டிஎன்ஏவில் ஒரு ப்ரைமர், டி-டிஎன்ஏவில் ஒரு ப்ரைமர் என்று லைனுக்கே உரிய இணையை வடிவமைத்து வைத்துக்கொள்ளுங்கள். வேர் ஊடகத்துக்கு மாற்றும்போது ஒரு முறை, தொட்டிக்கு மாற்றும்போது ஒரு முறை, திடலுக்கோ மகரந்தச் சேர்க்கைக்கோ போகும் முன் ஒரு முறை அதை ஓட்டுங்கள். பெயர்ச்சீட்டை மூடியில் ஒட்டாதீர்கள், மூடிகள் இடம் மாறும். குப்பியின் உடலில் எழுதுங்கள். எழுதுவது எத்தனாலில் அழியாத பேனாவா என்று முதலில் ஒரு வெற்றுக் குப்பியில் துடைத்துப் பாருங்கள்.